புரிந்தது என்று போட்ட கையெழுத்து

“மொழிக்கெல்லாம் பயப்படாத கண்ணு. போனீன்னா ஆறு மாசத்துல தானா வந்துரும்.” ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இதைக் கேட்கலாம். பெரியப்பா சொல்வார், எதிர்வீட்டுக்காரர் சொல்வார். கன்சல்டன்சியில் உட்கார்ந்திருப்பவர் இன்னும் உறுதியாகச் சொல்வார்: “எல்லாமே இங்கிலீஷ் மீடியம் சார், ஜெர்மன் தேவையே படாது.” கூடவே ஓர் அறிவுரையும் வரும்: “அங்க போயும் நம்ம பசங்களோடயே சுத்தாத. தமிழ் பேசாத. அப்பத்தான் மொழி வரும்.”

சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைமேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் இந்த மூன்று பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். மொழிக்கென்று தனியாக எதுவும் செலவழிக்க வேண்டாம், ஊரோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும் என்ற எண்ணம். வராமல் போனால் குறை பிள்ளையிடம்தான்: கூச்ச சுபாவம், பழகத் தெரியவில்லை, முயற்சி பத்தாது. நான் ஒன்பது ஆண்டுகளாகக் கோவையில் ஜெர்மன் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் இதே அறிவுரைகளைக் கேட்டுக்கொண்டு விமானம் ஏறி, ரூர் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மெட்டலர்ஜியில் மாஸ்டர்ஸ் படித்தேன். இந்த எண்ணம் தவறு. தவறு என்பதோடு நிற்காமல், நல்ல பிள்ளைகளைத் தங்களையே வெறுக்க வைக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் நடந்தது. லேபில் கால் வைப்பதற்கு முன் பாதுகாப்பு விளக்கம் கேட்டாக வேண்டும் என்றார்கள். படிப்பு ஆங்கில வழி, பேராசிரியரும் நன்றாக ஆங்கிலம் பேசுவார். ஆனால் லேபை நடத்துகிறவர் டெக்னீஷியன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஜெர்மன் மட்டும்தான் தெரியும். முக்கால் மணி நேரம் பேசினார். அவர் கை காட்டிய இடங்களையெல்லாம் பார்த்தேன். கண் கழுவும் குழாய், தீயணைப்பான், சிவப்புப் பொத்தான், கூரையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. மற்றவர்கள் தலையாட்டியபோது ஆட்டினேன். அவர்கள் சிரித்தபோது சிரித்தேன். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். அதில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் ‘உண்ட்’. நம் ‘உம்’ மாதிரி, இரண்டைச் சேர்க்கிற சொல். கையெழுத்துப் போட்டேன். ‘விளக்கத்தைக் கேட்டேன், புரிந்துகொண்டேன்’ என்பதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐந்து வாரம் கழித்து அந்த வெள்ளைப் பெட்டி அலறியது. பக்கத்து அறையில் ஹைட்ரஜன் ஓடும் உலை. விட்டுவிட்டு ஒலித்தால் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும், விடாமல் ஒலித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே போக வேண்டும். முதல் வாரம் அந்த டெக்னீஷியன் அழுத்தி அழுத்திச் சொன்னது இதைத்தானாம். நான் தராசு முன்னால் நின்றிருந்தேன், கையிலிருந்த மாதிரியை எடை போட்டு முடித்துவிடலாம் என்று. வாசல்வரை போய்விட்ட ஓர் ஈரானியப் பெண் திரும்பி ஓடிவந்து என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கசிவு சிறியதுதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம் போனில், “மொழியெல்லாம் பரவால்லம்மா, பழகிருச்சு” என்றுதான் சொன்னேன்.

அந்த ஐந்து வாரமும் நான் ஜெர்மன் நடுவில்தான் இருந்தேன். டிராமில், சூப்பர் மார்க்கெட்டில், விடுதிப் படிக்கட்டில் காதில் விழுந்ததெல்லாம் ஜெர்மன். மழையில் நின்றால் உடம்பு நனையும், தாகம் தீராது. குடிக்க வேண்டுமானால் யாராவது ஒரு பாத்திரத்தில் பிடித்துத் தர வேண்டும்.

எவ்வளவு பிடித்துத் தர வேண்டும் என்று ஜெர்மன் அரசே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அங்கே குடியேறுகிறவர்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் 600 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். இத்தனையும் பி1 என்கிற நடுநிலையை எட்டுவதற்கு. கடையில் பேசலாம், சாதாரணக் கடிதம் படிக்கலாம், அவ்வளவுதான் பி1. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஐந்து பாடவேளை உட்கார்ந்தால் 24 வாரத்தில் முடியும். ஆக பெரியப்பா சொன்ன ஆறு மாதம் தப்பில்லை. தினமும் காலை முழுவதும் வேறு வேலையில்லாமல் வகுப்பில் உட்காருகிறவருக்கு அது பொருந்தும். தப்பு ‘தானா’ என்ற சொல்லில் இருக்கிறது.

மாஸ்டர்ஸ் மாணவருக்கு அந்தக் காலைநேரம் எங்கே இருக்கிறது? ஐரோப்பியக் கிரெடிட் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட் எடுத்தால் 750 முதல் 900 மணி நேரம் படிப்புக்கே போய்விடும். விசாவுக்காக முடக்கிவைக்கும் பணம், 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். வாடகையும் மருத்துவக் காப்பீடும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, பிள்ளை கிடங்கிலோ உணவகத்திலோ பார்ட் டைம் போகிறது. ஊரில் அப்பா வாங்கிய கடன் வேறு தலைக்குமேல். அந்தப் பிள்ளையைப் பார்த்து ஏன் இன்னும் மொழி வரவில்லை என்று கேட்பது நியாயமே இல்லை.

எங்கள் பல்கலைக்கழகத்திலும் ஜெர்மன் வகுப்பு இருந்தது, கட்டணம்கூட இல்லை. மாலை ஆறு மணிக்கு ஆரம்பம், 25 இடம். என் லேப் முடிவது ஆறரைக்கு. முதல் செமஸ்டரில் நான் போனது நான்கு வகுப்பு. போனதற்குக் கிரெடிட் கிடையாது, போகாததற்குக் கேள்வியும் கிடையாது. அதே பல்கலைக்கழகம் ஜெர்மன் வழியில் படிக்க வருகிற வெளிநாட்டவரிடம் டிஎஸ்ஹெச், டெஸ்ட்டாஃப் ஆகிய ஜெர்மன் மொழித் தேர்வுகளில் ஒன்றில் உயர்நிலைத் தேர்ச்சி கேட்கிறது. அதில்லாமல் சேர்க்கைக் கடிதம் கிடையாது. அங்கே வாழ்ந்து படிக்க எவ்வளவு மொழி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. எங்களைப் போன்றவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

சும்மா இருந்தாலே மொழி வந்துவிடுமா என்பதை அந்த நாட்டிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டு இத்தாலி, ஸ்பெயின், துருக்கி என்று பல நாடுகளிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தது மேற்கு ஜெர்மனி. 1970களில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர்கள் 48 பேரின் ஜெர்மனை அலசியது. வருஷக்கணக்காக அங்கேயே வேலை செய்தும் வினைச்சொல்லின் விகுதிகூடச் சேராமல் பேசியவர்கள் அதில் இருந்தார்கள். எத்தனை வருஷம் இருந்தார் என்பதற்கும் மொழி எவ்வளவு வந்தது என்பதற்கும் இருந்த தொடர்பு பலவீனமானது. வேலை முடிந்தபிறகு, ஓய்வு நேரத்தில் ஜெர்மானியரோடு பழக்கம் இருந்ததா என்பதுதான் அழுத்தமாகத் தொடர்பு காட்டியது.

“அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், நம்ம ஆட்களை விட்டுவிட்டு அவர்களோடு பழகச் சொல்கிறோம்” என்று இந்த இடத்தில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், பதிலும் சொல்ல வேண்டும். பழக்கம் என்பது இரண்டு பக்கமும் கதவு திறந்தால் நடப்பது. அந்தத் தொழிலாளர்களில் பலர் நிறுவனம் கட்டித்தந்த விடுதியில், தங்கள் நாட்டவரோடுதான் தங்க வைக்கப்பட்டார்கள். அவர்களாகவே ஒதுங்கிக்கொள்ளவில்லை. மாணவர்கள் கதையும் இதேதான். ஆங்கில வழிப் படிப்பில் என் வகுப்பில் இருந்த 31 பேரில் ஜெர்மானியர் இரண்டே பேர். அவர்களும் வார இறுதியில் ஊருக்குப் போய்விடுவார்கள். நான் தட்டுத்தடுமாறி ஜெர்மனில் ஆரம்பித்தால், முதல் பிழை விழுந்ததுமே அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அன்பினால்தான் மாறினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்பு ஒவ்வொரு முறையும் என் வாயிலிருந்த வாக்கியத்தைப் பாதியில் வாங்கிக்கொண்டது. அவர்களோடு பழகுவதற்கு இங்கே ‘நம்ம ஆட்கள்’ தடையாகவே இல்லை. எதிரில் பேச ஆள் இல்லாததுதான் தடை.

நம் ஆட்களோடு சேராதே என்பதுதான் இந்தப் பேச்சுகளில் என்னை அதிகம் கோபப்படுத்துவது. காரணம், எனக்கு ஜெர்மன் கற்றுத்தந்த முதல் ஆள் தமிழ் பேசிக்கொண்டேதான் கற்றுத்தந்தார்.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காய் வெள்ளிக்கிழமை வரும். கடையை நடத்திய அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் அகதியாக வந்தவர். இருபது வருஷம் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு இந்தக் கடையைப் போட்டிருக்கிறார். ஒரு நாள் நான் பணப்பையைத் திறந்தபோது மடித்து வைத்திருந்த கடிதம் ஒன்று வெளியே எட்டிப்பார்த்தது. “அது என்ன பிள்ளை?” என்றார். தெரியவில்லை, இதுபோல மூன்று வந்தது, இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். வாங்கிப் பார்த்தார். “ஐயோ, கடிதம் வந்தால் குப்பேக்க போடாதையுங்கோ. விளங்காட்டில் என்னட்டைக் கொண்டு வாங்கோ.” ஒளிபரப்புக் கட்டணம். வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டியாக வேண்டியது, இப்போது மாதம் 18.36 யூரோ. கட்டாமல் விட்டால் அபராதத்தோடு துரத்தும்.

அன்று அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார். கடிதத்தில் முதலில் எதைத் தேட வேண்டும் என்று காட்டினார். தடித்த எழுத்தில் தேதி இருக்கிறதா? ‘ஃப்ரிஸ்ட்’ என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் அது கெடு, அதற்குள் பதில் போட்டாக வேண்டும். ‘மானுங்’ என்றிருந்தால் பணம் கட்டச் சொல்லி நினைவூட்டுகிறார்கள். பிறகு போனை என் கையில் கொடுத்து, தானே அந்த அலுவலகத்துக்காரர்போல நடித்து, நான் சொல்ல வேண்டியதை ஐந்து முறை சொல்ல வைத்தார். ஆறாவது முறை உண்மையிலேயே பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. அதுவரை என் வாழ்க்கையில் ஜெர்மனில் நடந்த மிக நீளமான உரையாடல் அதுதான்.

அந்த அம்மாவின் ஜெர்மனில் இலக்கணப் பிழைகள் இருந்தன. அந்த வட்டாரத்தின் கொச்சையும் நிறைய. ஆனால் எந்த அலுவலகத்திலும் அவர் நின்று பேசி வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். அடுத்த ஒன்றரை வருஷம் சனிக்கிழமை மதியம் அந்த முக்காலிதான் என் வகுப்பறை. என்னைப்போல் இன்னும் நான்கைந்து பிள்ளைகள் வருவார்கள். 2002ல் குடமுழுக்கு நடந்த ஹம் நகரத்து காமாட்சி அம்பாள் கோவிலுக்கு ஒரு முறை அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். திருவிழாக் கூட்டத்தில் ஈழத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனில் சளசளவென்று பேசிக்கொண்டு, அம்மம்மாவிடம் மட்டும் தமிழுக்கு மாறுவதைப் பார்த்தேன். ஒரு மொழி வர இன்னொன்று போக வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்கிறவர்கள், தமிழ் அந்தப் பிள்ளைக்கு என்ன தருகிறது என்று பார்ப்பதே இல்லை. என் வகுப்பில் தவறாமல் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ‘எனக்குக் குளிருது’ என்பதை ஜெர்மனில் சொல்லுங்கள் என்பேன். ஆங்கிலத்தின் வழியே யோசிக்கிறவர்கள் ‘இஷ் பின் கால்ட்’ என்பார்கள். ‘நான் குளிர்ந்திருக்கிறேன்’ என்று ஆங்கிலம் சொல்வதை அப்படியே பெயர்த்தது. ஜெர்மானியர் காதுக்கு அது, தொட்டால் சில்லென்று இருக்கிற ஆள் அல்லது ஈரமில்லாத நெஞ்சுக்காரர் என்று கேட்கும். சரியான ஜெர்மன் ‘மியர் இஸ்ட் கால்ட்’. மியர் என்றால் எனக்கு. எனக்குக் குளிர். அதேபோல் எனக்குப் பிடிக்கும் என்பதும் அங்கே ‘எனக்கு’தான். நான்காம் வேற்றுமை நம் நாக்கில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. போன வருஷம் உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவன், இதைக் கேட்டதும், “அக்கா, அப்ப நம்மளாட்டவே பேசறாங்க” என்றான். அதுவரை கடைசி பெஞ்சில் தானாக வாய் திறக்காமல் இருந்தவன்.

துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும் என்று சொன்னால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் மிரளுவார். நாம் நாள் முழுக்க வினையைக் கடைசியில் வைத்துத்தான் பேசுகிறோம். ‘டு’ எங்கே, ‘ஸீ’ எங்கே என்று ஆங்கிலேயர் குழம்புவார்கள். நீ, நீங்கள் தெரிந்தவனுக்கு அதில் என்ன குழப்பம்? கையுறைக்கு ஜெர்மன் சொல் ‘ஹாண்ட்ஷூ’, கைக்குப் போடும் செருப்பு. இப்படிச் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டு நீளுவதைப் பார்த்துப் பயப்படாமல் பிரித்துப் பார்க்க, பள்ளியில் பதம் பிரித்துப் படித்த பிள்ளைக்குத் தெரியும். ஆனால் நம் ஊரில் கிடைக்கும் பாடநூல், ஆப், வீடியோ எல்லாமே ஆங்கிலம் வழியாகத்தான் ஜெர்மனைச் சொல்லித் தருகின்றன. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிப் போகிற மாதிரி. போதாததற்கு, தமிழை மறந்துவிட்டுப் போ என்ற அறிவுரையும்.

மொழி கற்ற ஜெர்மானியர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நம் ஊருக்கு வந்துதான் கற்றார். 1706 ஜூலையில் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. வயதான வாத்தியார் ஒருவரைத் தன் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்த வைத்து, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பல ஐரோப்பிய மொழிகள் பேசத் தெரிந்த அழகப்பன் என்பவர் இடையில் நின்று உதவினார். பிறகு காலைநேரங்களில் தமிழ்ச் சுவடி படிக்கும்போது பக்கத்தில் ஒரு முதிய புலவரும், புதுச் சொற்களைக் குறித்துக்கொள்ள ஓர் எழுத்தரும் இருந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிடுகிற அளவுக்கு அவர் வளர்ந்ததற்குப் பின்னால் சம்பளம் வாங்கிக்கொண்டும் வாங்காமலும் சொல்லித்தந்த தமிழர்கள் இருந்தார்கள், நாள்தோறும் ஒதுக்கிய மணிக்கணக்கு இருந்தது. இதற்கிடையே ஊருக்கு ஜெர்மனில் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தார். தரங்கம்பாடிக் காற்றைச் சுவாசித்ததால் அவருக்குத் தமிழ் வரவில்லை. அவருக்குத் தேவைப்பட்ட வாத்தியாரும் புலவரும் அழகப்பனும், பழனியிலிருந்து போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தேவைப்படாமல் போவார்கள்?

இனி, ‘ஜெர்மன் தேவையே படாது’ என்பதற்கு வருகிறேன். ஆயிரத்துக்கும் மேல் ஆங்கில வழி முதுநிலைப் படிப்புகள் அங்கே இருப்பது உண்மை. 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஏறக்குறைய 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள், வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். இந்தப் படிப்புகள் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் ஆங்கிலம் வகுப்பறைக் கதவோடு நின்றுவிடும். நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அலுவல்மொழி ஜெர்மன் என்கிறது. வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். விசாவைக் குடியிருப்பு அனுமதியாக மாற்ற வேண்டும். அங்கே இருக்கிற அலுவலர் ஆங்கிலம் பேசினால் அது அவருடைய நல்ல மனசு, அவர் கடமை இல்லை.

நோய் வந்தால் இன்னும் மோசம். என்னிடம் ஏ1 என்கிற தொடக்கநிலை வரை படித்துவிட்டுப் போன பையன் ஒருவனுக்குப் பல்வலி. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்திருக்கிறான், ‘ஹால்ப் ட்ரை’க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாதி மூன்று. ஆங்கிலப் பழக்கத்தில் அதை மூன்றரை என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஜெர்மனில் அது மூன்றை நோக்கிப் பாதி வழி, இரண்டரை. அவனுடைய நேரம் போய்விட்டது, அடுத்தது நான்கு நாள் கழித்துத்தான். முகம் வீங்கி, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தவன் எனக்கு அனுப்பிய குரல்பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. “அக்கா, இது ஏ1லயே சொல்லிக் குடுத்தீங்க. நாந்தான் மறந்துட்டேன்” என்று அழுகிறான். பல்வலியில்கூடத் தன்னைத்தான் திட்டிக்கொள்கிறான். நான் சொன்னேனே, இந்தப் பேச்சு பிள்ளைகளைத் தங்களையே வெறுக்க வைக்கிறது என்று. அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் அப்படி எழுதத் துணிந்தேன்.

படிப்பு முடிந்தபிறகு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆங்கிலம் போதும் என்கிற இடங்கள் பெரிய நகரங்களில், கணினித் துறையில் உண்டு. இயந்திரம், உலோகம், கட்டுமானம் படித்தவர் நடுத்தர ஊர்களில் இருக்கும் நடுத்தர நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும். அங்கே விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரே சொல்: ‘ஃபெர்ஹாண்ட்லுங்ஸ்ஸிஷர்’. பேரம் பேசி உடன்பாடு காணும் அளவுக்கு மொழி கைவர வேண்டும் என்று பொருள். இரண்டு வருஷம் ‘தேவையே படாது’ என்று நம்பி வந்தவர், இந்தச் சொல்லைப் பதினெட்டு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கியபிறகு முதன்முதலாகப் பார்க்கிறார்.

மூன்று வருஷம் இருந்தும் தமிழ்ப் பசங்க அறையை விட்டு வெளியே வராதவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். முயற்சியே எடுக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களிடம் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதை. முதல் மாதம் கடையில் ஏதோ கேட்கப் போய் எரிச்சலான முகத்தைப் பார்த்திருப்பார்கள். செமினாரில் கேள்வியை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு இரண்டு தலைப்பு தாண்டிப் போயிருக்கும். அப்புறம் கேட்பதை நிறுத்தியிருப்பார்கள். அந்த அமைதி நமக்குப் புதிதல்ல. தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்து இன்ஜினீயரிங் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளையின் முதல் வருஷத்து அமைதி அதுதான். அன்றைக்கும் அவனை மந்தம் என்றார்கள். அவன் மந்தமில்லை என்பது மூன்றாவது வருஷம் தெரிந்தது. இரண்டாவது மொழியில் படிப்பை ஒருமுறை தாண்டி வந்த அந்தப் பிள்ளைதான், என் அனுபவத்தில், ஜெர்மனிலும் கடைசிவரை நிற்கிறான். அவனை முன்கூட்டியே ‘உனக்கு அங்கெல்லாம் செட் ஆகாது’ என்று சொல்லி அனுப்புவது கொடுமை.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பத்து லட்சத்துக்கு மேல் புரட்டி வங்கியில் முடக்குகிறீர்கள். அதோடு ஆறு மாத நேரத்தையும் ஒதுக்குங்கள். கிளம்புவதற்கு முன் அடுத்த நிலையான ஏ2 வரை முடித்து, முடிந்தால் பி1க்குள் கால் வைத்துவிட்டுப் போகட்டும். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து ஜெர்மன் படிக்கிறாளா என்று சொந்தக்காரர்கள் கேட்டால், அதுதான் வேலை என்று சொல்லுங்கள். அங்கே போனபின் நம் பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடட்டும், அழுகை வந்தால் தமிழில் அழட்டும், யாராவது ஓர் அக்காவிடம் கடிதத்தைக் காட்டட்டும்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் கடுமையானது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணமே வாங்காத இடங்களும் எங்களை வேண்டும் என்றுதான் அழைக்கின்றன. ஆங்கிலத்தில் அழைத்துவிட்டு ஜெர்மனில் வாழச் சொன்னால், இடையிலிருக்கும் தூரத்தில் பாதியாவது அழைத்தவர் நடந்து வர வேண்டும். ஜெர்மன் வகுப்பை லேபோடு மோதாத நேரத்தில் வைத்துக் கிரெடிட் கொடுங்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட பாதுகாப்பு விளக்கத்தை, படிப்பு எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில் கொடுங்கள். படித்து முடித்துக் கிளம்பும் வாரம் இதை நான் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

என் வகுப்பில் முதல் நாள் வணக்கம் சொல்லித் தருவதில்லை, பெயர் சொல்லவும் இல்லை. ‘தாஸ் ஹாபெ இஷ் நிஷ்ட் ஃபெர்ஷ்டாண்டன்’ என்று பலகையில் தமிழ் எழுத்தில் எழுதிப் போடுவேன். அது எனக்குப் புரியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, என் முகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் எரிச்சலாக முகத்தை வைத்துக்கொள்வேன், கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வேன். அப்போதும் அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டும். உடுமலைத் தம்பிக்கு அதற்கு மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் தாளை என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டுச் சொன்னான்.